அம்புக்குறி போட்ட பித்தளைச் சிமிழ்

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இப்போது மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பாவும் வேலை முடிந்து வந்தால் வாசற்படியிலேயே நின்று, பைகளை வெளியே இழுத்து உதறிவிட்டுத்தான் உள்ளே நுழைவாரா? என் அப்பா அப்படித்தான். டாங்கி ஃபேக்டரி கேட்டில் ஒரு சோதனை ஏற்கெனவே முடிந்திருக்கும். டிபன் கேரியரை அடுக்கடுக்காகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். அது போதாதென்று வீட்டு வாசலில் தன்னைத் தானே இன்னொரு முறை சோதித்துக்கொள்வார். ஒரு திருகாணி, ஒரு வாஷர், கை துடைக்கிற பஞ்சு நூலில் ஒரு கற்றைகூடத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது. "சர்க்கார் சாமான் நெருப்பு மாதிரிட்டி. மடியில கெட்டிக்கிட்டு உக்கார முடியுமா?" என்பார். திருநெல்வேலியை விட்டு வந்து பதினைந்து வருஷம் ஆகியும் அவர் பேச்சு மட்டும் ரயில் ஏறவே இல்லை.

இதைச் சொல்லாமல் அந்தப் பித்தளைச் சிமிழைப் பற்றிச் சொன்னால் அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடுவீர்கள். நானே பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. எனக்குப் பத்து வயது. அம்மாவின் வயிற்றில் தம்பி. கர்ப்பம் கொஞ்சம் சிக்கலாகிப் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவளை முன்கூட்டியே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு முழுப் பரீட்சை. பரீட்சை முடிந்ததும் என்னைக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்ன அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவ்வளவுதான், என் கோடை முடிந்தது.

குவார்ட்டர்ஸில் கோடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாருக்கும் அது சொந்த ஊர் இல்லை. பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே கும்பகோணத்துக்காரர்கள் கும்பகோணத்துக்கு, சேலத்துக்காரர்கள் சேலத்துக்கு. எங்கள் பிளாக்கில் எட்டு வீடு. ஆறு வீட்டில் பூட்டுத் தொங்கியது. ஏழாவது வீட்டில் இருந்தவர் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார். மீதி நான். ஐந்து கல்லை வலது கையால் ஒரு ஆட்டம், இடது கையால் எதிராளிக்கு ஒரு ஆட்டம் என்று ஆடுவேன். பெரும்பாலும் இடது கை தோற்கும். அதைத் திட்டுவேன். மதியம் சங்கு ஊதினால் யாரோ என்னைக் கூப்பிட்டது போல எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன். வெயில்தான் நிற்கும்.

தனியாகப் பெண்பிள்ளையை விட்டுப்போக அப்பாவுக்கு மனசில்லை. பருத்திப்பட்டிலிருந்து ஒரு அக்காவைத் துணைக்கு ஏற்பாடு செய்தார். காலையில் வந்து சமைத்து, என்னோடு இருந்துவிட்டு, அப்பா வந்தபின் போவாள். இருபது, இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். அவளுடைய அப்பா காலத்தில் ஏரியை ஒட்டிய வயல்களில் கூலி வேலை. வயலெல்லாம் மனையாகிக் கல் நட்டபின், அக்காவின் புருஷன் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அக்கா வந்ததும் வீட்டில் சத்தம் வந்தது. அவள் சும்மா இருக்கவே மாட்டாள். அரிசியோடு பேசுவாள், அடுப்போடு சண்டை போடுவாள். "இன்னா பாப்பா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறே? வா, இப்டி குந்து" என்று கூப்பிட்டுத் தலையில் எண்ணெய் வைப்பாள். பதினைந்து நாளில் நானும் "இன்னா"வுக்கு வந்துவிட்டேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கா, அந்த வயசில் அவளைப் போல ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது என்று தோன்றியது. அம்மாவிடமிருந்து கடிதம் வந்தால்கூட அவள் போனபிறகுதான் படித்தேன்.

ஒருநாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அக்கா அதை எடுத்தாள்.

"இந்தா பாப்பா, வெளாட்றதுக்கு ஒரு சாமான். ஜாக்கிரதையா வெச்சிக்கோ, எங்க நைனாவுது."

சுண்ணாம்பு டப்பியைக் கொஞ்சம் பெரிசாக்கினது போல வட்டமான பித்தளைச் சிமிழ். கனம். பக்கங்களில் சின்னச் சின்ன ஜன்னல்கள், ஒரு பக்கம் கண் வைக்கிற அளவுக்கு ஒரு ஓட்டை. மூடியில் ஒரு திருகாணி விழுந்துபோய் லொடலொடவென்று ஆடியது. உள்ளே இரண்டு கண்ணாடிச் சில்லுகள் கோணலாக நின்றன. கையில் வைத்திருந்துவிட்டு விரலை மோந்தால் பழைய காசு வாசனை அடித்தது. அடிப்பக்கத்தில் ஒரு எண்ணும், பக்கத்தில் குட்டியாக ஒரு அம்புக்குறியும் வெட்டியிருந்தார்கள்.

"இது எதுக்குக்கா?"

"அது இன்னாத்துக்குனு யாருக்குத் தெரியும்? நைனா இத்த கண்ணுல வெச்சிகினு வயல்ல நிப்பாரு. கேட்டா சிரிப்பாரு. அவரும் பூட்டாரு, இது மட்டும் கீது."

கண்ணில் வைத்துப் பார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தால் எனக்கு வலப்பக்கம் சமையலறை. சிமிழுக்குள் கீழ்ப்பாதியில் எதிரே இருந்த தெருவும் மே ஃப்ளவர் மரமும் தெரிந்தன. மேல்பாதியில், அந்த மரத்தின் உச்சியில், அக்கா கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கத்தியே விட்டேன்.

அதன்பிறகு தினமும் அதுதான் விளையாட்டு.

"பாப்பா, நான் தெர்றனா?"

"தெரியிறீங்கக்கா."

"எங்க கீறேன்?"

"மரத்து மேல."

"ஐயோ, பாத்து! வுயுந்துடப் போறேன்."

எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்பு வரும். ஆளே இல்லாத அந்தத் தெருவை எப்போது பார்த்தாலும் அதில் ஒரு ஆள் இருந்தாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அக்கா கிளம்பியபின் சிமிழை ரேடியோவின் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டேன். அப்பா முகம் கழுவிவிட்டு வந்து ரேடியோவைத் திருகப் போனவர் அதைப் பார்த்தார். எடுத்தார். புரட்டினார். அம்புக்குறி கண்ணில் பட்டதும் போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். 

அம்புக்குறி என்றால் சர்க்கார் சாமான். ஃபேக்டரியில் அவர் உட்காரும் ஸ்டூலிலிருந்து தட்டும் சுத்தியல் வரை அந்தக் குறி இருக்கும். அதோடு பித்தளை, அதோடு கண்ணாடி. அப்பா ஃபிட்டர். டாங்கிப் பீரங்கிக்குக் குறி பார்க்கும் கண்ணாடிகளைப் பொருத்தும் பிரிவில் வேலை. வேறு எவன் வீட்டில் இது கிடைத்தாலும் ஒரு பேச்சு பேசித் தப்பிக்கலாம். அவர் வீட்டில் கிடைத்தால் வேலை போகும், வீடு போகும், ஜெயிலுக்கும் போக வேண்டிவரும்.

"ஏட்டி, இது எங்கருந்து வந்துச்சு?"

அக்கா கொடுத்தாள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்குத் திட்டு விழும், அவளை நிறுத்திவிடுவார் என்று பயந்துவிட்டேன். "தண்ணித் தொட்டி கிட்ட கீழ கெடந்துச்சுப்பா" என்றேன். அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். பத்து வயசு மூளை!

மறுநாள் அப்பா வேலைக்குப் போகாமல் அக்கா வரும்வரை காத்திருந்தார். சிமிழைக் காட்டி, "இத முன்னப் பின்ன பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டார். அக்கா சிரித்த முகமாகச் சொன்னாள்.

"என்னுதுதான் சார். எங்க நைனாவுது. பாப்பாவுக்கு வெளாடக் குட்த்தேன்."

"உங்கப்பா என்ன சோலி பாத்தாரு?"

"வயல் வேல சார். இத்த கண்ணுல வெச்சிகினு வயல்ல நிப்பாரு."

"வயக்காட்டு வேல பாக்கவருக்குக் கண்ணாடி வச்ச சாமான் எதுக்கு? எம்மவ கீழ கெடந்துச்சுங்கா. நீ உங்கப்பா சொத்துங்க. ரெண்டுல எது நெசம்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாப்பா, சொல்லு பாப்பா. நான் குட்த்தேன்ல?"

நான் தரையைப் பார்த்தேன். செங்காவிப் பூச்சில் ஒரு விரிசல் அடுப்பங்கரை வரைக்கும் ஓடியிருந்தது. அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் நேற்றுச் சொன்ன பொய்க்கு அடி விழும். அந்த ஒரு அடிக்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. இருப்பதாக இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், நிற்கவில்லை.

அப்பா தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். லேத் பட்டறைக்கு ஃபேக்டரி வேலை ஏதோ வந்திருக்கும், அக்காவின் புருஷன் அங்கே எடுத்திருப்பார், மறைத்து வைக்க எங்கள் வீடு வாகாகக் கிடைத்துவிட்டது. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"நான் யாருட்டயும் போய்ச் சொல்லல. ஒனக்கும் குடும்பம் இருக்கு. நாளையிலருந்து வராத. இதையும் கேக்காத. ஏரியில போட்டுருதேன்."

"திருடுற சாதி இல்ல சார் நாங்க. எங்க நைனாவுதுனு அது ஒண்ணுதான் கீது. அத்த குட்த்துடு சார்." அக்கா கையை நீட்டியபடியே நின்றாள். அப்பா சிமிழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாழ்க்கையில் வீட்டை விட்டுப் போகும்போது பையில் எதையோ போட்டுக்கொண்டு அவர் போனது அந்த ஒரு நாள்தான். சாயங்காலம் வந்து, "போட்டாச்சு" என்றார்.

அப்புறம் சாவியைக் கயிற்றில் கோத்து அப்பா என் கழுத்தில் மாட்டிவிட்டார். காலையில் வடித்த சோற்றை மதியம் நானே போட்டுத் தின்றேன். அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்து மரத்தின் மேல் சமையலறை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அங்கே யார் இருந்தார்கள்? கேட்பாரற்றுக் கிடப்பது என்றால் என்ன என்று அந்த மாசம் தெரிந்துகொண்டேன். அப்பாவோடு நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. தட்டில் கரண்டி படுகிற சத்தம்தான் இருவருக்கும் நடுவில்.

அக்கா போனபின் அந்தக் கோடையில் சந்தோஷம் என்று ஒரே ஒரு சாயங்காலம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, "வாட்டி, காத்தாட போயிட்டு வருவம்" என்று சைக்கிள் கேரியரில் என்னை ஏற்றினார். ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சப்பை ஆடிக்கொண்டே வந்தது. பருத்திப்பட்டு ஏரியில் தண்ணீர் வற்றிப் பாசி நாற்றம் அடித்தது. பொட்டலம் வேர்க்கடலை வாங்கித் தந்தார். பக்கத்தில் ஒரு தெரு முனையில், அடிபம்பு ஓரம், ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏம்ப்பா இங்க நிக்கோம்?"

"சும்மாதான். கடலயத் தின்னு."

முழுப் பொட்டலத்தையும் தின்று தீர்த்தேன். கடைசியில் ஒரு சொத்தைக் கடலை, அதன் கசப்புகூட நினைவிருக்கிறது. அப்பா தெருவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை சைக்கிளை விட்டு இறங்கினார். மஞ்சப்பையைக் கையில் எடுத்தார். பிறகு மறுபடி மாட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அப்பா என்னோடு சேர்ந்து சும்மா நின்ற சாயங்காலம் என்று அதை நாற்பது வருஷம் பொக்கிஷமாக வைத்திருந்தேன்.

தம்பி பிறந்தான். அம்மா வந்தாள். நான் படித்து, கல்யாணம் கட்டி, பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுப் பழையபடி தனியாக உட்காரும் வயசுக்கு வந்துவிட்டேன். அப்பா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தார். அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது, அரங்களுக்கும் உளிகளுக்கும் அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் ஃபிளானல் துணியில் சுற்றி, அந்தச் சிமிழ்!

ஏரியில் போட்டது ஏரியில் இல்லை. உள்ளே கண்ணாடிகள் தூசில்லாமல் துடைத்திருந்தன. மூடி ஆடவில்லை. விழுந்துபோன திருகாணி இருந்த இடத்தில் புதிதாக ஒன்று. கடையில் வாங்கினதில்லை, பித்தளைக் கம்பியைக் கையால் அராவி மரை வெட்டிப் போட்டது. அப்பாவின் கைவேலை எனக்குத் தெரியாதா?

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது. இது என்ன? அக்கா சொன்னது நிஜமா, அப்பா நினைத்தது நிஜமா? அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் சாகக் கூடாது என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சினிமா புரொஜெக்டர் பார்ட் என்றார். பழைய சாமான் கடையில் கப்பல் பார்ட் என்றார்கள். அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம சாமான் இல்லம்மா. நம்ம கண்ணாடியெல்லாம் தூரத்தில இருக்கிறதப் பக்கத்தில காட்டும். இது பக்கவாட்டில இருக்கிறத இல்ல காட்டுது? எதோட பார்ட்டுனு தெரியலையே" என்று திருப்பித் தந்தார். பாதி பாரம் அங்கே இறங்கியது. இதை ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். திறந்துதானே திருகாணி போட்டிருக்கிறார்?

மீதி பாரம் வேப்பம்பட்டில் இறங்கியது. அங்கே அப்பா வாங்கிப் போட்ட மனையை எனக்கும் தம்பிக்கும் பிரிக்க ஒரு சர்வேயர் வந்தார். என் மகன் வயசு. மூன்று கால் கருவியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் கைப்பையிலிருந்து சிமிழை எடுத்து நீட்டினேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"இத எங்க மேடம் புடிச்சீங்க? நான் டிப்ளமா படிக்கறப்ப காலேஜ் பீரோல பூட்டி வெச்சிருந்தாங்க. தொடவே விட மாட்டாங்க."

"எதோட பார்ட் தம்பி இது?"

"பார்ட் இல்ல மேடம். இதுவே முழுக் கருவி. நெலம் அளக்கறப்ப செங்கோணம் புடிக்கறதுக்கு."

ஒரு கம்பத்தை எதிரே நட்டார், இன்னொன்றை வலப்பக்கம். என்னை நடுவில் நிறுத்தி, கண்ணில் சிமிழை வைக்கச் சொன்னார். கீழ்ப்பாதியில் எதிர்க் கம்பம், மேல்பாதியில் பக்கத்துக் கம்பம். "ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா ஒரே கோடா வர்ற வரைக்கும் நகருங்க. வந்துச்சா? இப்ப நீங்க நிக்கிற எடம் சரியான மூலை. அந்தக் காலத்துல அளக்கற சங்கிலி புடிக்கிற ஆளுங்க நிறையப் பேரு கண்ணப் பழக்கிக்கிட்டு இத நல்லாவே புடிப்பாங்களாம். சும்மா வயல்ல நிக்கிற மாதிரிதான் தெரியும்."

சும்மா வயலில் நிற்கிற மாதிரி. சிமிழைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினேன். "அப்ப இந்த அம்புக்குறி?" என்று கேட்டேன்.

"அது எந்த கவர்மெண்ட் சாமான்லயும் இருக்கும் மேடம். பழசாயிட்டா கழிச்சு, கூட வேல பாத்த ஆளுங்களுக்கே குடுத்துடுவாங்க" என்றார் அவர்.

பருத்திப்பட்டில் அந்தத் தெருவைக் கண்டுபிடித்தேன். அடிபம்பு இல்லை. பெட்டிக்கடையில் விசாரித்ததில், அக்கா மகனோடு முத்தாபுதுப்பேட்டையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் போனேன். பயம், வேறென்ன?

வீட்டு வாசலில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று சாக்பீஸில் எழுதிய பலகை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெந்தயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. ஆனால் வெந்தயத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். அதில் தெரிந்துவிட்டது.

"யாரு வோணும்? மாவா?"

 சிமிழை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை, கட்டைவிரல் தானாக மூடியின் ஓரத்துக்குப் போய்த் தடவியது.

"இன்னா இது, ஸ்க்ரூ போட்டு கீது?" என்றாள். அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பாப்பா!"

"அப்பா போட்டாருக்கா. ஏரியில போடல. நான்தான்க்கா பொய் சொன்னேன். கீழ கெடந்துச்சுன்னு நான்தான் சொன்னேன்."

"அது தெரியும் பாப்பா. அன்னிக்கே ஒன் மூஞ்சிலயே தெரிஞ்சிச்சி. சின்னப் புள்ள, பயந்துகினே. மொத்தல்ல கோவந்தான். அப்பால எனக்கும் புள்ள பொறந்துச்சா, அதுங்க சொல்லாத பொய்யா?" பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். "சாரு நல்லா கீறாரா?"

"இல்லக்கா. போயிட்டாரு."

கொஞ்ச நேரம் வெந்தயத்தை அளைந்தாள். "வந்தாரு பாப்பா அவுரு. எங்க தெருவாண்ட. போலீசு கீலீசு இட்டாந்துட்டாருனு பயந்து கதவ சாத்திகினேன். கதவு சந்துல பாத்துகினே இருந்தேன். பைய எடுக்கறாரு, மாட்றாரு. பின்னால நீ குந்திகினு வேர்க்கல்ல துன்னுகினு இருந்தே. எளச்சிப் பூட்டிருந்தே. துன்ன சோறு குடுக்கறாங்களோ இல்லியோன்னு கீது. கூப்புடலாம்னு தொண்ட வரிக்கும் வந்திச்சி. பயம்."

பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறாள். நான் கடலை தின்றுகொண்டிருந்தேன். அப்பா மஞ்சப்பையில் சிமிழோடு மன்னிப்புக் கேட்க வந்து வாய் வராமல் நின்றிருக்கிறார். மூன்று பேரும் பயந்தே கெட்டோம்.

சர்வேயர் சொன்னதைச் சொன்னேன். நைனா வயலில் நின்றது நிலத்துக்கு மூலை பிடிக்கத்தான் என்றேன். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "ஆமா, அளக்கற ஆபீசருங்க வந்தா சங்கிலி புடிக்கப் போவாரு! ஊரே சிரிக்கும் பாப்பா. வேலயச் செய்யாம கண்ணாடி பாத்துகினு நிக்கிறான்னு எங்கம்மாவே ஏசும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எங்க நைனா சும்மா நிக்கல."

"இல்லக்கா."

அவள் சிமிழைக் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தாள். நான் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். எதிரே மரம் ஒன்றும் இல்லை, ஒரு தண்ணீர் டேங்க்தான் நின்றது.

"நான் தெரியிறேனாக்கா?"

"இரு, இரு." நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள். "ஆங். தெர்றே."

"எங்க இருக்கேன்?"

"டேங்கு மேல."

"பாத்துக்கா..." என்று தொடங்கினேன்.  பத்து வயசில் அழாத அழுகையெல்லாம் அந்தத் தெருவில், மாவு வாங்க வந்தவர்கள் முன்னால், வந்துவிட்டது. தோள் குலுங்கக் குலுங்க அழுதேன்.

அக்கா சிமிழைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"ஆடாத பாப்பா" என்றாள். "ஆடுனா தெரிய மாட்டே."